வளர்த்த கையும் விற்கும் கையும்

வரதய்யபாளையத்தை ஒத்த ஒரு சிற்றூரில் இளைஞர் சங்கம் ஒன்று நடைபெறுகிறதென்று வைத்துக்கொள்வோம். சங்கத்தின் பொதுநிதியிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வெள்ளாட்டுக் குட்டியொன்று அளிக்கப்படுகிறது. அவன் அதற்குத் தழை ஒடித்துப் போடுகிறான். மழை நாட்களில் கொட்டிலின் தரை ஈரமாகாதபடி காத்துக்கொள்கிறான். கால்நடை மருத்துவர் வரும் நாளில் தோளில் தூக்கிச் சென்று ஊசி போட்டுக்கொண்டு வருகிறான். செலவையும் வளர்ச்சியையும் குறிப்பேட்டில் எழுதுகிறான். குட்டி வளர்ந்து கிடாவாகிறது. அவன் குரல் கேட்டால் ஓடி வருகிறது. ஓராண்டு கழித்து வியாபாரி வந்து, அதன் முதுகைத் தடவிப் பார்த்து விலை கூறுகிறான். அப்போது அச்சிறுவன் சங்கத்துப் பெரியவரை நோக்கி, "ஐயா, இதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வார்கள்?" என்று கேட்கிறான்.

விடை அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான். பெரியவர் என்ன சொல்வார் என்பதே அவன் அறிய விரும்புவது.

இவ்வினா ஓர் ஆட்டோடு முடிவதன்று. மும்மணிகளைச் சரணடைந்து, உயிர்க்கொலை தவிர்ப்பேன் என்று நாடோறும் வாயால் ஓதும் குடும்பங்கள் தம் பிள்ளைகட்கு எத்தொழிலை எம்முறையில் கற்பித்தல் தகும் என்பதே இதன் உட்பொருள். இதனை ஒரு சிறிது ஆராய்வோம்.

நாட்டுப்புறச் சிறாருக்குக் கைவேலையாலும் விலங்கு வளர்ப்பாலும் கல்வி புகட்டும் முறை நெடுநாளையது. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே பள்ளிக் கண்காணிப்பாளராயிருந்த ஏ. பி. கிரகாம் என்பார் உழவர் வீட்டுச் சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஏட்டில் படித்ததை வயலில் செய்து பார்ப்பதே அதன் நோக்கம். அத்தகைய சங்கங்கள் பெருகி, தலை, நெஞ்சம், கை, உடல்நலம் என்னும் நான்கினையும் ஒருங்கே வளர்ப்பதைக் குறிக்கோளாகக் கொண்டு, 'நான்கு எச்' என்ற பெயரால் உலகெங்கும் பரவின. அந்நாட்டுச் சிறுவர் கன்று, ஆடு, பன்றி, கோழி முதலியவற்றைத் தாமே வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுவருவர். கண்காட்சி முடிவில் அவற்றுள் பல ஏலத்தில் விலைபோகும். விலைபோன கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அழுவது அங்கேயும் காணும் காட்சியே. ஆகவே, நம் சிறுவன் கேட்ட வினா ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

நம் தென்னாட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அக்காலம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும், 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்திருப்பதுமான மார்த்தாண்டத்தில், கிறித்தவ இளைஞர் சங்கத்தார் 1920களிலே கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றனை நடத்தலாயினர். அதனை முன்னின்று நடத்தியவர் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். நல்லினக் கோழி, தேனீப் பெட்டி, முட்டையையும் தேனையும் கூட்டுறவாய் விற்றல் ஆகியவை அங்கே ஏழை மக்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பிறர் கொடுப்பதை வாங்கி உண்ணாமல் தம் கையால் தாம் உயர்தல் வேண்டும். கற்பிப்பவர் உடனிருந்து வழிகாட்டல் வேண்டும். இவ்விரண்டுமே அந்நிலையத்தின் அடிப்படை. இன்றும் மார்த்தாண்டம் என்றால் தேன் என்னுமளவுக்கு அத்தொழில் அவ்வட்டாரத்தில் வேரூன்றி நிற்கிறது. பின்னர், 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1972இல் தோன்றிய நேரு இளைஞர் மையங்களும் ஊர்தோறும் இளைஞர் சங்கங்கள் அமைவதற்குத் துணைசெய்தன.

வரதய்யபாளையத்துக்கு வருவோம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. அண்டையிலுள்ள சத்தியவேட்டுப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரல் வரையில் சித்தூர் மாவட்டத்திலிருந்த வரதய்யபாளையம் இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. குள்ளமான உருவும் குறைந்த தீனியும் கொண்ட புங்கனூர்ப் பசு பழைய சித்தூர் மாவட்டம் தந்தது; நெடிய கால்களையுடைய நெல்லூர்ச் செம்மறி பக்கத்து மாவட்டம் தந்தது. இவ்வாறு கால்நடைச் செல்வம் பழகிய இந்நிலத்தில், வரதய்யபாளையம், சத்தியவேடு ஆகிய இரு மண்டலங்களிலும் பரந்து ஸ்ரீசிட்டி என்னும் தொழில்நகரம் எழுந்துள்ளது. மேய்ச்சல் தரைகள் சுருங்கின. இளைஞர் பலர் தொழிற்சாலை வண்டியேறுகின்றனர். இந்நிலையிலும், சொந்த நிலமில்லாத வீட்டுக்கு இரண்டு ஆடுகளே சேமிப்பு. அவையே பள்ளிச் செலவு. அவையே மருத்துவச் செலவு. எனவே, இளைஞர் சங்கம் விலங்கு வளர்ப்பைக் கைக்கொள்வதில் வியப்பில்லை.

இங்கே நம்மவருள் சிலர் ஒரு தடை எழுப்புவர். "மாடு மேய்த்தலும் சாணம் அள்ளுதலும் நம் முன்னோர்மேல் சுமத்தப்பட்ட இழிவன்றோ? அவ்விழிவினின்று தப்பவே தன்ம வழிக்கு வந்தோம். மறுபடியும் நம் பிள்ளைகளைத் தொழுவத்துக்கு அனுப்புவதா?" என்பர். இத்தடையை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. நம் பாட்டன்மாருள் எத்துணையோ பேர் சிறு வயதிலேயே, தந்தை வாங்கிய கடனுக்கு ஈடாக, பண்ணையார் வீட்டு மாடு மேய்க்கவிடப்பட்டவர். கூழும் பழைய துணியுமே அவர்க்குக் கூலி. மாடு காணாமற்போனால் அடி. கன்று இறந்தால் கடன் மேலும் வளரும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. ஆயினும் அதன் வடு மனத்தைவிட்டு மறையவில்லை. இறந்த விலங்கை அகற்றும் வேலை ஒரு சாராருக்கென்றே விதிக்கப்பட்டிருந்ததையும் நாம் மறக்கவில்லை. 1927இல் மகாத் மாநாட்டிலே, செத்த விலங்கின் ஊனை உண்ணும் வழக்கத்தை விட்டொழிக்குமாறு அண்ணல் அம்பேத்கர் நம்மவரை வேண்டியது இவ்விழிவைக் களையும் பொருட்டே.

ஆனால் இழிவு எங்கே இருந்தது? மாட்டினிடத்திலா, அடிமைத்தனத்திலா? பகவர் அருளிய சூத்திரம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். உபாசகன் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயத்திலே கூறப்பட்டுள்ளன: படைக்கலம், உயிர், ஊன், மது, நஞ்சு ஆகியவற்றை விற்றல். இவற்றுள் 'உயிர் வாணிகம்' என்பதற்கு உரையாசிரியர் மனிதரை விற்றல் என்று பொருள் கூறினர். கடனுக்காகப் பிள்ளையைப் பண்ணையில் விடுத்தது வேறென்ன? ஆகவே, அம்முறையில் பாவம் புரிந்தது மாடு மேய்த்த சிறுவனல்லன். அவனை விலைப்பொருளாக்கிய ஒழுங்கே ஆகும். இன்று தன் பெயரால் எழுதிய குறிப்பேட்டோடு, தனக்கு உரிமையான ஆட்டைப் பள்ளி விட்டு வந்தபின் கவனிக்கும் பிள்ளை அவன் பாட்டனுடைய தொழிலைச் செய்கிறான் என்று கூறுதல் பொருந்தாது. செயல் ஒன்றுபோல் தோன்றலாம். செய்பவன் நிலை முற்றும் வேறு. பள்ளியை நிறுத்திச் செய்யப்படும் வேலையாயின், அதுவே பழைய தளையின் புதிய உருவமாகும் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளவேண்டும்.

மேலும், மேய்த்தல் தொழிலைத் ததாகதர் இழிவாகக் கருதியதில்லை. மச்சிம நிகாயத்திலுள்ள மகாகோபாலக சூத்திரத்தில், நல்ல இடையனுக்கு வேண்டிய பதினொரு திறங்களை எடுத்துரைத்து, அவற்றையே துறவிக்கும் இலக்கணமாக அமைத்தார். மாட்டின் உருவை அறிதல், குறிகளை அறிதல், ஈ இட்ட முட்டைகளை அகற்றுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், கொசுவும் ஈயும் அணுகாமல் புகையிடுதல், நீர்த்துறை அறிதல், மந்தை நீர் குடித்ததா என்பதை அறிதல், வழியறிதல், மேய்ச்சல் நிலமறிதல், மடியை வற்றக் கறவாதிருத்தல், மந்தைக்குத் தலைமை தாங்கும் எருதுகளைச் சிறப்பாகப் போற்றுதல். இவை அரண்மனையில் கற்ற செய்திகளல்ல. தொழுவத்தின் வாயிலில் நின்று உற்றுநோக்கியவரே இவற்றைக் கூறமுடியும். இப்பட்டியலை அப்படியே எடுத்து இளைஞர் சங்கத்தின் சுவரில் எழுதி வைத்தாலும் கால்நடை மருத்துவர் ஒருவரும் குறை கூறமாட்டார்.

பத்தாவது திறத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்: மடியை வற்றக் கறவாதிருத்தல். கன்றுக்கென மிச்சம் வைத்தல் என்பது இதன் நேர்ப்பொருள். இல்லறத்தார் விரும்பி அளிப்பனவற்றிலும் அளவறிந்து பெறுதல் என்பது துறவிக்கு இதனாற் பெறப்படும் பொருள். பிற உயிரிடம் நாம் பெறுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பாடப்புத்தகம் கற்பிக்கமாட்டாது. கையில் செம்பும், எதிரே கட்டிய கன்றும் கற்பிக்கும். விலங்கு வளர்ப்பு சிறாருக்கு வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த காரணம் வேறில்லை. தன் பசியை மட்டும் அறிந்த பிள்ளை, வாய் பேசாத மற்றோர் உயிரின் பசியை வேளை தவறாமல் அறியப் பழகுவது சீலத்தின் முதற்படி அன்றோ?

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். ஐவகை வாணிகத்துள் மூன்றாவது ஊன் வாணிகம். பன்றி, மான் முதலியவற்றை வளர்த்து ஊனாக்கி விற்றல் என்பதே அதற்கு உரை. கடையில் எடைபோட்டு விற்பதை மட்டும் அது சுட்டவில்லை. கொலையை நோக்கி வளர்ப்பதையே சுட்டுகிறது. அப்படியாயின், கிடாவைக் கொழுக்க வளர்த்து வியாபாரியிடம் கொடுப்பதைச் சங்கத்தின் திட்டமாக வைப்பது உபாசகருக்குத் தகுமா?

"வறியவனுக்கு இச்சட்டமெல்லாம் ஏன்? ஆடு விற்றால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும்" என்பது ஒரு விடை. இதில் உண்மை உண்டு. ஆளவி நகரத்திலே, காணாமற்போன எருதைத் தேடி அலைந்து பசியோடு வந்த உழவன் ஒருவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அவன் பசி தீர்ந்த பின்னரே பகவர் அறமுரைத்தார் என்பது தம்மபத உரையில் வரும் வரலாறு. பசித்தவன் முன் சீலத்தைப் படித்துக்காட்டுதல் அருளாகாது. தாயின் மருத்துவத்துக்காக ஆட்டை விற்கும் வீட்டைப் பார்த்து, "நீ சீலம் கெட்டாய்" என்று சொல்ல நம்மில் எவருக்கும் உரிமையில்லை. ஊன் உண்பவராயிருந்து அவ்வாறு சொல்வோமாயின், அது நகைப்புக்கே இடமாகும். உண்பவன் உயர்ந்தோன், உரிப்பவன் தாழ்ந்தோன் என்று வகுத்த அநீதியால் வருந்தியவர் நாம். அதே அளவுகோலை நாமும் கையிலெடுத்தல் ஆகாது. வாங்குபவன் இல்லாமல் விற்பவன் இல்லை.

ஆயினும் வறுமை செய்விப்பது வேறு. கல்வி செய்விப்பது வேறு. இடுக்கண் வந்தபோது ஒரு குடும்பம் செய்ததை நாம் பொறுக்கலாம். ஆனால் ஒரு சங்கம் கூடி, திட்டம் வகுத்து, பரிசு வைத்து, பிள்ளைகளுக்குப் பழக்குவது எதுவோ அது நாளைய தலைமுறையின் இயல்பாகிவிடும். தான் பெயரிட்டு அழைத்த உயிரைத் தானே எடைக்குக் கொடுத்துவிட்டு மனம் கலங்காதிருக்கப் பயிற்றுதல் ஒருவகைக் கல்விதான். அக்கல்வி நமக்கு வேண்டுமா? சிறுவன் கேட்ட கேள்வியிலுள்ள நடுக்கம் அவனது குறைபாடன்று. அவனிடத்து முளைத்த மைத்திரியின் தளிர். அதைக் கிள்ளியெறிவதற்குச் சங்கம் எதற்கு?

தமிழில் தோன்றிய பௌத்தப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு கூறப்படுகிறது. பெற்றவளால் கைவிடப்பட்ட அக்குழந்தைக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்தபின், வேள்வியில் கொல்வதற்காகக் கட்டிவைத்த பசுவைக் கண்டு, இரவில் அதனை அவிழ்த்துச் சென்றான். பிடிபட்டு அடியுண்டான், ஊரை இழந்தான். அவ்வாறு விலக்குண்டவன் கையிலேதான் பின்னர் அமுதசுரபி வந்தது. அவன் எல்லார் பசியையும் தீர்த்தான். விலங்குக்கு இரங்கினவனே மனிதர் பசியையும் தீர்த்தான் என்னும் இணைப்பைக் கருதுக. விலங்கின்மேல் அருள் கொண்டால் ஏழையின் பசியை மறந்துவிடுவோம் என்று அஞ்சுவார்க்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதா? இதற்கு அசோக மன்னர் நடந்த வழியைப் பார்ப்போம். முன்பு தம் அடுக்களையில் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டதையும், இப்போது இரு மயில்களும் ஒரு மானுமே கொல்லப்படுவதையும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்பதையும் அவர் கல்லிலே வெளிப்படையாக வெட்டுவித்தார். மற்றொரு சாசனத்தில், சினையாயிருக்கும் ஆடு பன்றிகளையும், குட்டிக்குப் பாலூட்டுபவற்றையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது என்று விதித்தார். முழுத்தூய்மையை ஒரே நாளில் அடைந்ததாக அவர் பெருமை பேசவில்லை. எஞ்சியிருக்கும் குறையையும் எண்ணிக்கையோடு ஒப்புக்கொண்டார். அதைக் குறைத்துக்கொண்டே சென்றார். கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியிலும் காணப்படும் அவருடைய பாறைச் சாசனங்களுள் ஒன்று, சோழ பாண்டிய நாடுகள் உட்பட எங்கும் மனிதர்க்கு ஒரு மருத்துவமும் விலங்குகளுக்கு ஒரு மருத்துவமும் ஏற்படுத்தியதைக் கூறுகிறது. வெக்கை எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோய் தடுப்பூசியின் வலிமையால் உலகைவிட்டே ஒழிந்ததென்று 2011இல் அறிவிக்கப்பட்டது. அன்று கல்லில் பொறித்த கருணைக்கு இன்று அறிவியல் துணைநின்ற நற்செய்தி இதுவாகும்.

இவ்வழியே சென்று நம் சங்கங்கள் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். முதலாவது, உயிரை முடிக்காமல் பயன் பெறும் தொழில்களுக்கு முதலிடம் தருக. தேனீ வளர்ப்பு அவற்றுள் தலையாயது. 1910களில் திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் சிறு பெட்டியொன்றை அமைத்து நாட்டுப்புறத்தார்க்கு இத்தொழிலைப் பழக்கினார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நிலமில்லாதவரும் இதனைச் செய்யலாம். கூட்டிலே தேனீக்களுக்கென ஒரு பங்கு விட்டு எடுத்தல் முறை. மடியை வற்றக் கறவாமை இங்கும் பொருந்துகிறது. ஆனால் இதிலும் இடர் உண்டு; 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கிய நோயொன்று குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை அழித்தது. ஆதலால் ஒரே தொழிலை நம்பாமல், பால்மாடு, முட்டைக்கோழி, காய்கறித் தோட்டம், மண்புழு உரம் என்று கலந்து நடத்துதல் நன்று.

இரண்டாவது, ஆடு வளர்ப்பில் பெட்டைக் குட்டிகளையே பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஈன்ற முதற் பெட்டைக் குட்டியைச் சங்கத்துக்குத் திருப்பித் தருமாறு செய்க. வாரத்துக்கு ஆடு வளர்க்கும் பழைய வழக்கத்தை நம் மக்கள் அறிவர். அவ்வழக்கில் ஆதாயம் உடையவனுக்குப் போயிற்று. இங்கே அது அடுத்த பிள்ளைக்குப் போகும். சினையாட்டையும் பாலூட்டும் ஆட்டையும் கொல்லலாகாது என்னும் அசோகர் விதியையொட்டி, அவற்றை எவரும் விற்கலாகாது என்பதைச் சங்கத்தின் விதியாக்குக. மருத்துவம், பள்ளி முதலிய திடீர்ச் செலவுக்குச் சிறு கடன் தரும் பொதுநிதி ஒன்றும் இருக்கட்டும். இடுக்கணால் நேரும் விற்பனை அதனால் குறையும்.

மூன்றாவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. பால் வேண்டுமென்றால் பசு ஈனவேண்டும். ஈன்றது காளைக் கன்றாயின் உழவு வண்டியிலிருந்து நீங்கிய இக்காலத்தில் அதற்கு வேலையில்லை. முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கும், பெட்டையோடு பிறந்த கிடாவுக்கும் இக்கேள்வி உண்டு. "நாங்கள் பால் மட்டுமே விற்கிறோம்" என்று கூறி, கன்று போன இடத்தைக் கேளாதிருப்பது தூய்மையன்று, கண்ணை மூடிக்கொள்ளுதலேயாம். எத்தனை உயிர் பிறந்தன, எத்தனை இறந்தன, எத்தனை எக்காரணத்தால் விற்கப்பட்டன என்பதைப் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுக. அசோகர் இரு மயிலும் ஒரு மானும் என்று எழுதினாரன்றோ? எழுதிய எண் ஆண்டுதோறும் குறையவேண்டும். அதுவே சங்கத்தின் உண்மையான வளர்ச்சி அறிக்கை.

இனி, அச்சிறுவனுக்குப் பெரியவர் கூறத்தக்க விடை யாது? "அது எங்கேயோ நன்றாக இருக்கும்" என்று பொய் கூறலாகாது. நான்காம் சீலம் பிள்ளைகள் பொருட்டுத் தளர்த்தப்படவில்லை. "ஆணாயிருந்துகொண்டு ஆட்டுக்கு அழலாமா?" என்று நகைத்தலும் ஆகாது. அவனைப் பக்கத்தில் அமர்த்தி இவ்வாறு கூறலாம்: "தம்பி, அதைக் கொல்வார்கள். உன் வீட்டுக்கு இன்று பணம் வேண்டியிருக்கிறது என்பதையும் நீ அறிவாய். சங்கத்திலிருந்து கடன் கிடைக்குமாவென்று முதலில் பார்ப்போம். கிடைக்காவிட்டால், உன் தந்தை விற்பார், அவர்மேல் சினங்கொள்ளாதே. ஆனால் உனக்கு இப்போது வலிக்கிறதே, அந்த வலியை மறந்துவிடாதே. அடுத்த ஆண்டு நாம் இன்னும் நல்ல வழி காண்பதற்கு அதுவே துணை."

இவ்விடையால் கிடா தப்புமென்று உறுதி கூற இயலாது. ஆயினும், அச்சிறுவன் பெரியவனாகிச் சங்கத்தை நடத்தும் நாளில் அவன் கணக்கேட்டில் எழுதப்படும் எண், நம் கணக்கேட்டிலுள்ளதைவிடக் குறைவாயிருக்கும் என்று நம்ப இடமுண்டு. அந்நம்பிக்கையோடு, மனத்தை மரக்கச் செய்யாமல் கையைப் பழக்கும் கல்வியை நம் ஊர்தோறும் தொடங்குவோமாக.